தென்கொரியாவின் ஆண்டோங் சாப்பாட்டில் எது பழசு, எது புதுசு?

"அடுத்த மாதம் ஒரே ஒரு நாள் ஆண்டோங் போகிறோம். ஜிம்தாக் என்கிற கோழிச் சாப்பாடு 500 வருஷப் பாரம்பரியம், யாங்பான் பிரபுக்கள் வீட்டுச் சமையல் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு ஹாஹோ என்ற பழைய கிராமத்தையும் பார்த்தால் ஆண்டோங் முடிந்துவிடும் இல்லையா?" – சுவோனிலிருந்து ஒரு வாசகர்

12 அக்டோபர் 2024, இரவு 11.10

500 வருஷமா? எனக்கு 41 வயது. ஜிம்தாக்கும் கிட்டத்தட்ட என் செட்டுதான்.

ஆண்டோங் பழைய சந்தைக்குள் கோழிக்கடைச் சந்து ஒன்று உண்டு. முழுக்கோழியைப் பொரித்து விற்றவர்கள். 1980-களில் பெரிய சங்கிலிக் கடைகளின் பொரித்த கோழி வந்து வியாபாரத்தை அடித்துவிட்டது. இவர்கள் கோழியைத் துண்டு போட்டு, சோயா சாஸ், காய்ந்த மிளகாய், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் சேர்த்து வேகவைத்து, கடைசியில் கண்ணாடி மாதிரி வழுக்கும் கிழங்குமாவு நூடுல்ஸைப் போட்டுப் பெரிய தட்டில் கவிழ்த்தார்கள். மலிவு, வயிறு நிறையும், மாணவர்கள் மொய்த்தார்கள். 2000 வாக்கில் தலைநகர் சோல் வரை போய்ப் பேயாட்டம் ஆடியது. அவ்வளவுதான் பாரம்பரியம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மிளகாய் கொரியாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். உருளைக்கிழங்கு 19-ஆம் நூற்றாண்டு. 500 வருஷத்துக்கு முந்தைய ஜிம்தாக் தட்டில் கோழி மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும்.

சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிடுங்கள். ஒரு தட்டு மூன்று பேருக்கு. இரண்டு பேர் போய் முழுத் தட்டு வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

13 அக்டோபர் 2024, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் கடுப்பாக எழுதிவிட்டேன். பழசு வேண்டுமானால் என்ன சாப்பிடுவது என்று சொல்லவே இல்லை. ஹொத்ஜேசாபாப். 'ஹொத்' என்றால் பொய், வெற்று. 'ஜேசா' முன்னோருக்குச் செய்யும் படையல். 'பாப்' சோறு. ஆக, பொய்ப் படையல் சோறு.

கதை இதுதான். ஆண்டோங் கன்பூசிய அறிஞர்களின் கோட்டை. சொன்பி என்பார்கள் அந்தப் படித்த கூட்டத்தை. நல்ல சாப்பாடு சாப்பிட ஆசை, ஆனால் பக்கத்தில் ஏழைகள் பசியோடு இருக்கையில் காரணமில்லாமல் விருந்து வைத்தால் பெயர் கெடும். அதனால் "இன்று எங்கள் வீட்டில் ஜேசா" என்று பொய் சொல்லிச் சமைத்துச் சாப்பிட்டார்களாம். வேறொரு கதையில் இரவில் படித்துக் களைத்த மாணவர்கள் பசிக்காகச் செய்த திருட்டுத்தனம். இன்னொன்றில், படையல் போட வசதியோ உரிமையோ இல்லாத சாதாரண ஜனங்கள் அந்த ருசிக்கு ஏங்கி, படையல் இல்லாமலேயே அந்தச் சோற்றைச் செய்தது.

முதல்முறை போனபோது பித்தளைக் கிண்ணத்தில் நாமுல் என்கிற காய்கீரை ஆறு வகை வந்தது. பெரணித் தண்டு, பெல்பூக் கிழங்கு, முளைப்பயறு, கீரை, முள்ளங்கி, இன்னொன்று பெயர் தெரியாத இலை. எல்லாம் நல்லெண்ணெய் வாசம். சோற்றை அதில் கொட்டிக் கிளறு என்றார்கள். ஜோன்ஜு ஊரின் பிபிம்பாப் கலவைச் சோறு சாப்பிட்ட பழக்கத்தில் "கோச்சுஜாங் மிளகாய் விழுது எங்கே?" என்று கேட்டேன். பரிமாறிய அம்மா என்னைப் பார்த்த பார்வை, திவசத்தன்று வெங்காய பக்கோடா கேட்டவனைப் பார்க்கும் பார்வை. சின்னக் கிண்ணத்தில் சோயா சாஸை நகர்த்தி வைத்தார். ஜேசாவுக்கு மிளகாய், பூண்டு ஆகாது. ஆவிகளை விரட்டுமாம். அழைத்து வைத்துவிட்டு விரட்டுவதா?

கூடவே ஒரு தட்டில் மாட்டிறைச்சி, சுறா, உப்பிட்ட கானாங்கெளுத்தி எல்லாம் குச்சியில் கோத்து. 'தோம்பேகி' என்கிற அந்த உப்புச் சுறா இந்தக் கியோங்சாங் பக்கத்துப் படையலில் தவறாது. சைவம் சாப்பிடுபவர்கள் நாமுல் சோற்றோடு தப்பிக்கலாம், ஆனால் தாங்குக் என்கிற சூப்பில் இறைச்சி இருக்கும். முன்னாலேயே கேளுங்கள்.

13 அக்டோபர் 2024, மதியம்

ரயில் கேட்டிருந்த அக்காவுக்கு: சோலின் சொங்னியாங்னி ஸ்டேஷனில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். 2021 ஜனவரியிலிருந்து அதிவேக வண்டி ஓடுகிறது. ஆனால் புது ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். சந்தைக்கு நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். ஹாஹோ எதிர்த்திசையில் 20 கிலோமீட்டர் வாக்கில். பரப்பில் ஆண்டோங் சோலைப் போல இரண்டரை மடங்கு. ஒரே நாளில் முடியும் என்பவர் காரில் வருபவர்.

19 அக்டோபர் 2024

நேற்று மறுபடி போய் வந்தேன். (நான் இருக்கும் தேகுவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி. என் மனைவி இதை 'அலுவல் பயணம்' என்கிறாள்.) கான்கோதுங்ஓ என்கிற உப்பிட்ட கானாங்கெளுத்தி பற்றி எழுதாமல் விட்டால் பாவம்.

ஆண்டோங்கில் கடல் இல்லை. கிழக்கே யோங்தோக் கரையில் கானாங்கெளுத்தி பிடித்து, கூடையில் வைத்து மாட்டின் மீதும் முதுகிலும் சுமந்து மலை தாண்டி வர இரண்டு நாள். இம்தோங் பக்கம் சேத்கோரி என்ற சந்தைக்கு வரும்போது மீன் கெடப்போகிறேன், கெடப்போகிறேன் என்று மிரட்டும். அங்கே குடலை எடுத்து உப்பைத் திணித்தார்கள். பிடித்த இடத்திலேயே உப்பிடாமல் கெடுவதற்குச் சற்று முன்னால் உப்பிடுவதுதான் ரகசியம் என்கிறார்கள் சந்தையில். அந்த நேரத்தில் மீனின் சதை தன்னைத்தானே பக்குவப்படுத்திக்கொள்ளுமாம். பிறகு ஆண்டோங் வரும் மிச்ச வழியில் உப்பு இறங்கும்.

உப்பிடுகிறவருக்குத் தனிப் பெயர், கான்ஜேபி. ஒரு கடை வாசலில் நின்று பார்த்தேன். ஐம்பது வயது தாண்டிய மனிதர். உப்புப் பெட்டிக்குள் கை போகும், வரும். அதே ஓட்டத்தில் மீன் திறக்கும், மூடும். தராசு இல்லை, கரண்டி இல்லை. அவர் விரல்களின் ஓரத்தில் தோல் வெள்ளையாக வெடித்திருந்தது. "எவ்வளவு உப்பு?" என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். பதில் அவ்வளவுதான்.

ஒரு 'சோன்' வாங்கினேன். ஒரு மீன்.

19 அக்டோபர் 2024, ஒரு மணி நேரம் கழித்து

தப்பு. தேஜோனிலிருந்து ஒரு தம்பி திருத்தியிருக்கிறார், சரிதான். ஒரு சோன் என்றால் இரண்டு மீன். பெரிய மீனின் வயிற்றுக்குள் சின்ன மீனைச் செருகி ஒன்றாக விற்பார்கள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன், உள்ளே குட்டி இருக்கிறது. இரண்டு நாளாக ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விலைக்கு ஒன்றா என்று மனதில் திட்டியது வேறு.

2 நவம்பர் 2024

ஆண்டோங் சிக்கே. கொரியாவில் வேறெங்கும் சிக்கே என்றால் முளைகட்டிய பார்லித் தண்ணீரில் சோற்றை ஊறவைத்துச் செய்யும் இனிப்புப் பானம், சோற்றுப்பருக்கை மிதக்கும். அதை நம்பித்தான் ஒரு மடக்குக் குடித்தேன்.

சிவப்பு. முள்ளங்கி நறநற. இஞ்சி மூக்கில் ஏறுகிறது. மிளகாய்த்தூள். அதன் மேல் வேர்க்கடலை மிதக்கிறது. யாரோ கிம்ச்சி ஜாடி கழுவிய தண்ணீரைத் தவறிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சத்தியமாக நினைத்தேன். மரியாதைக்காக விழுங்கினேன். இரண்டாவது மடக்கில் இனிப்பு வந்தது. மூன்றாவதில் ஐஸ் பல்லில் பட்டது. கிண்ணம் காலி.

பசையரிசிச் சோறு, பொடியாக வெட்டிய முள்ளங்கி, இஞ்சிச் சாறு, துணியில் கட்டிப் பிழிந்த மிளகாய் நிறம், முளைப்பார்லித் தண்ணீர். கொதிக்க வைக்காமல் அப்படியே நுரைக்க விடுவார்கள். குளிர்காலப் பண்டம். கனமான ஜேசா விருந்துக்குப் பிறகு வயிற்றைக் கழுவிவிடும். வீட்டில் செய்து பார்த்தேன்; மூன்றாம் நாள் மூடி சமையலறைக் கூரையை முத்தமிட்டது. அடுத்தவர்கள் மூடியை இறுக்க வேண்டாம்.

2 நவம்பர் 2024

"பொய்ப் படையலில் மிளகாய் ஆகாது என்றீர்கள், கூடவே வரும் சிக்கேயில் மிளகாய் இருக்கிறதே?" நல்ல கேள்வி. படையலுக்கு வைப்பது வெள்ளை வகை. சிவப்பு, உயிரோடு இருப்பவர்களுக்கு.

24 நவம்பர் 2024

குளிர் ஆரம்பம், ஆகவே சோஜு என்கிற சாராயம். பச்சைப் பாட்டிலில் 16 சொச்சம் சதவீதத்தில் வருவது ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்து இனிப்பூட்டியது. ஆண்டோங் சோஜு 45 சதவீதம். சோற்றையும் நுருக் என்ற கோதுமை நொதிக் கட்டியையும் சேர்த்துப் புளிக்கவைத்து, பானையில் ஏற்றிச் சொட்டுச் சொட்டாக வடித்தது.

வடிக்கும் வித்தை மங்கோலியர்களோடு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. அவர்கள் ஜப்பான் மீது படையெடுக்கத் தயாரானபோது 1281-இல் ஆண்டோங்கில், அப்போது கொரியாவை ஆண்ட கோர்யோ மன்னரே வந்து தங்கியிருந்தார். கேசோங் பக்கம் சோஜுவுக்கு 'அராக்ஜு' என்று பழைய பெயர் இருந்தது. அரபியில் அரக் என்றால் வியர்வை. பானை மூடியில் வியர்ப்பதால். இலங்கையில் தென்னங்கள்ளு வடித்து 'அரக்' என்று போத்தலில் எழுதுகிறார்களே, அதே சொல்தான். அரபுக்காரன் சொல் ஒரு பக்கம் கடல்வழி போய்த் தென்னையில் ஏறியது, இன்னொரு பக்கம் குதிரையில் போய்க் கொரிய மலையில் இறங்கியது.

1965-இல் அரசு தானியத்தைக் கொண்டு சோஜு வடிக்கத் தடை போட்டது. அரிசிப் பஞ்சம். வீட்டு வித்தை இருபது வருஷத்துக்கு மேல் பதுங்கிக் கிடந்தது. 1987-இல் ஜோ ஓக்-ஹ்வா என்ற அம்மாவை மாகாணக் கலாசாரச் சொத்தாக அறிவித்தார்கள். 1999 ஏப்ரல் 21-இல் எலிசபெத் ராணி தன் 73-ஆவது பிறந்தநாளன்று ஹாஹோ வந்தபோது விருந்து மேசை அடுக்கியதும் அவர்தான். ராணி ஒரு பழைய வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதைக் கொரியர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

பச்சைப் பாட்டில் பழக்கத்தில் நான் நாலு கோப்பை அடித்த கதை இங்கே வேண்டாம்.

25 நவம்பர் 2024

வேண்டும் என்கிறீர்கள். வேண்டாம்.

8 டிசம்பர் 2024

ஹாஹோ பற்றி ஒருவர், "ஓலைக்கூரையும் ஓட்டுவீடும், ஆற்று வளைவும், அரை மணியில் அலுத்துவிட்டது" என்கிறார். முகமூடி ஆட்டம் பார்க்காமல் வந்தால் அலுக்கத்தான் செய்யும். பிரபுக்களின் ஊரில், பிரபுக்களின் செலவில், பிரபுக்களைக் கிழிக்கும் கூத்து. கசாப்புக்காரன் மாட்டை வெட்டி அதன் விதைப்பையை விற்க வருவான். ஆண்மைக்கு நல்லது என்றதும், அதுவரை யார் அதிகம் படித்தவன் என்று சண்டை போட்ட யாங்பானும் சொன்பியும் அதைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். முகமூடியின் தாடை தனியாகக் கயிற்றில் தொங்குவதால், நடிகர் தலையை நிமிர்த்தினால் முகமூடி சிரிக்கும், குனிந்தால் கடுகடுக்கும்.

பொய்ப் படையல் கதையை இந்த ஆட்டத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். இரண்டிலும் கேலி ஒன்றுதான்: பெரிய மனிதருக்கும் வாய் ஊறும்.

30 ஜனவரி 2025

'சொல்லால்' என்கிற சந்திரப் புத்தாண்டு முடிந்து இப்போதுதான் தேகு திரும்பினேன். ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் நண்பர் ஆண்டோங் பக்கத்துக்காரர், அவர் குடும்ப மூத்த வீட்டுக்கு அழைத்தார். அங்கே பார்த்ததால் இந்த இழையில் நான் எழுதியதில் பாதி ஆட்டம் கண்டுவிட்டது.

நான் போனது முதல் நாள் மாலை. கூடத்தில் மின்சார வாணலியைத் தரையில் வைத்து, நண்பரின் அம்மாவும் இரண்டு மருமகள்களும் ஜோன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மீன், பூசணி, கல்லீரல், முட்டையில் தோய்த்து, தோய்த்து. செய்தித்தாள் விரித்து அடுக்கியது என் முழங்கால் உயரம். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்கள் எங்கே என்று கேட்காதீர்கள். கஷ்கொட்டை உரித்தார்கள், அது அவர்கள் வேலையாம், பத்து நிமிஷத்தில் முடிந்தது.

ஆக்டோபஸ் முழுசாக வேகவைத்துப் பூ மாதிரி விரித்து வைத்திருந்தார்கள். நம்ம மீனவர்கள் பேய்க்கணவாய் என்பதைக் கொரியர்கள் 'முன்ஓ' என்பார்கள்; அந்த 'முன்' எழுத்து, கல்வி என்று பொருள் வரும் சீன எழுத்து. வயிற்றில் மை வைத்திருக்கும் மீன், படித்தவர் வீட்டு மீன். கடலில்லாத ஆண்டோங்கில் அது இல்லாமல் கல்யாணமும் கிடையாது, கருமாதியும் கிடையாது. பெயர் '-சி' என்று முடியும் மீன்களுக்கோ படையலில் இடமில்லை: கல்சி, கோங்சி எல்லாம் வாசலோடு சரி.

நான் பெரிய மேதாவியாக நண்பரின் அம்மாவிடம், "ஓமோனிம், பொய் ஜேசா கதை நிஜமா?" என்று கேட்டேன். அவர் வாணலியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "நிஜ ஜேசாவுக்கே எனக்குக் கை ஓயவில்லை. பொய்க்கும் ஒன்று சமைக்கச் சொன்னவன் சமையலறைப் பக்கமே வராதவன்" என்றார். மருமகள்கள் சிரித்த சிரிப்பில் எண்ணெய் தெறித்தது.

யோசித்துப் பார்த்தால், மூன்று கதைகளிலும் சாப்பிடுகிறவன் இருக்கிறான், சமைத்தவள் இல்லை.

31 ஜனவரி 2025

நேற்றைய குறிப்பின் வால். ஜேசா ஆடம்பரம் கன்பூசியச் சட்டம் என்று நண்பரின் சித்தப்பா பிரசங்கம் செய்தார். ஆனால் அந்த மரபின் தலைமகன் தோகே யி ஹ்வாங், 1000 வோன் நோட்டில் இருக்கிறாரே, அவர் சாகும்போது தன் சடங்குக்கு எண்ணெயில் பொரித்துத் தேனில் தோய்த்த பலகாரம் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர். விலை அதிகம், வேலை அதிகம் என்பதால். இன்று அவர் படம் போட்ட ஒரு நோட்டுக்குச் சந்தையில் ஒழுங்காக ஒரு டீ வராது.

சமையல் நூல் கேட்டவர்களுக்கு இரண்டு. ஒன்று 'சுஉன் ஜாப்பாங்'. ஆண்டோங் அறிஞர் கிம் யு (1491–1555) தொடங்கி, பேரன் சேர்த்தது. சீன எழுத்தில். நூற்றுக்கு மேற்பட்ட குறிப்புகள், அதில் ஏறக்குறைய பாதி மது வகை. ஆண்பிள்ளை எழுதினால் அப்படித்தான். இன்னொன்று ஏறக்குறைய 1670-இல் ஜாங் க்யே-ஹ்யாங் எழுதிய 'உம்சிக் திமிபாங்'. ஆண்டோங்கில் பிறந்து பின்னாளில் யோங்யாங்கில் வாழ்ந்தவர். ஹங்குல் என்கிற கொரிய எழுத்தில் 146 குறிப்பு. கண் மங்கிய வயதில் எழுதி, கடைசியில் ஒரு கட்டளை: மகள்கள் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக நினைக்கவே கூடாது. என் பாட்டி இட்லித் துணியைப் பற்றிச் சொன்ன அதே தொனி. இரண்டிலும் மிளகாய் கிடையாது.

1 பிப்ரவரி 2025

முதல் குறிப்பையும் திருத்த வேண்டும். ஹொத்ஜேசாபாப் பழசு, ஜிம்தாக் புதுசு என்று பிரித்தேன். படையல் சோறு பழசுதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மேசை போட்டு, விலை போட்டு, பித்தளைக் கிண்ணத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு வைத்தது 1976-இல் ஆண்டோங் அணை வந்த பிறகு. நீரில் மூழ்கும் கிராமங்களின் வீடுகளைப் பெயர்த்து அணைப்பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள், சாப்பாடும் அங்கே கடையானது. ஆக, கடைச் சாப்பாடு என்ற கணக்கில் ஜிம்தாக்குக்கும் அதற்கும் வயது வித்தியாசம் கொஞ்சம்தான். ஒன்று அணையால் வந்தது, ஒன்று சங்கிலிக் கடையால் வந்தது. சுவோன் வாசகரே, உங்களிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

28 மார்ச் 2025

விசாரித்த எல்லோருக்கும்: நான் தேகுவில் நலம். நண்பர் வீடும் தப்பியது. பக்கத்து உய்சோங்கில் 22-ஆம் தேதி பிடித்த காட்டுத்தீ காற்றோடு 24-ஆம் தேதி ஆண்டோங்குக்குள் வந்து, 25-ஆம் தேதி கடற்கரை யோங்தோக் வரை போனது. யோசித்தால் மனதைப் பிசைகிறது. மீன் வந்த பாதையிலேயே தீ எதிர்த்திசையில் போயிருக்கிறது. இம்தோங்கில் ஜிசோன் தலைவீடு, அதாவது ஒரு குலத்தின் மூத்த வீடு, முழுக்க எரிந்தது; அது ஏற்கெனவே ஓர் அணைக்காக இடம்பெயர்ந்த வீடு. உய்சோங்கின் கோஉன்சா கோயிலும் பெரும்பகுதி போயிற்று. ஹாஹோ மக்களை வெளியேறச் சொன்னார்கள், ஊர் தப்பியது. ஆண்டோங்கின் கிலானில் மன்ஹ்யூஜோங் மண்டபம் எரிந்துவிட்டது என்று முதல்நாள் செய்தி. மறுநாள் போய்ப் பார்த்தால், முன்கூட்டியே சுற்றிவைத்த தீத்தடுப்புத் துணிக்குள் நின்றுகொண்டிருந்தது.

"இப்போது சுற்றுலா போகலாமா" என்று கேட்டவருக்கு இன்று பதில் எழுத மனமில்லை.

10 மே 2025

இன்று பதில். போங்கள். ஹோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலை பஸ்ஸில் இம்தோங் வழியாகப் போனேன். ஒரு மலைச்சரிவு கறுப்பு, அடுத்தது பச்சை, நடுவில் சீப்பால் வாரியது மாதிரிக் கோடு. சந்தையில் கான்ஜேபி அதே இடத்தில். நான் கேட்கும் முன்பே கையை விரித்துக் காட்டிச் சிரித்தார், அக்டோபர் கேள்வி ஞாபகம் இருக்கிறது. இரண்டு சோன் வாங்கினேன், ஒன்று நண்பரின் அம்மாவுக்கு. இந்தமுறை கடையிலேயே வயிற்றைத் திறந்து, குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.